வேலூரிலிருந்து வெளிநாட்டு சாஃப்ட்வேர் வேலைக்கு: இனிஷியல் முதல் லெட்டர் பாக்ஸ் வரை

வேலை தேடத் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து, பத்தாவது மார்க் ஷீட், டிகிரி, பாஸ்போர்ட், ஆதார், பான் கார்டு, பிறப்புச் சான்றிதழ் ஆறையும் பாயில் வரிசையாகப் பரப்புங்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எந்தெந்தக் காகிதத்தில் இருக்கிறதோ அவை எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் பெரிய பாரம் இறங்கிவிட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தில் அப்படி இருப்பவர் குறைவு. கோடிங் ரவுண்டில் தோற்றால் அடுத்த கம்பெனி இருக்கிறது. ஆஃபர் வந்த பிறகு டிகிரியில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் இருப்பது தெரிந்தால், கம்பெனி எத்தனை மாதம் காத்திருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் காகிதத்திலிருந்தே தொடங்குவோம்.

இனிஷியலும் சர்நேமும்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. வெளிநாட்டுப் படிவத்தில் இனிஷியலுக்குக் கட்டம் கிடையாது. டிகிரியில் "சுரேஷ் கே" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் கிவன் நேம் "சுரேஷ்", சர்நேம் "கிருஷ்ணமூர்த்தி" என்று இருக்கும். இது சமாளிக்கக்கூடிய ரகம். அப்பா பெயர் பாஸ்போர்ட்டிலேயே இருப்பதால் "கே" எங்கிருந்து வந்தது என்று காட்டிவிடலாம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் எடுத்து டிகிரி நகலோடு வைத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பதுதான் தொந்தரவு. அமெரிக்க விசாவில் உங்கள் பெயரை சர்நேமாக ஏற்றிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்று பொருள். அந்த மூன்றெழுத்தே பிறகு பேங்க் கணக்கு, லைசென்ஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் உங்கள் பெயராகிவிடும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 இறுதியிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவில் அனுமதிப்பதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆகவே சர்நேம் காலியாக இருந்தால் அப்பா பெயரை விரித்து சர்நேமாகச் சேர்த்து, பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்துகொள்ளுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கால் என்றால் மேலும் 2,000. வேலூர் தலைமைத் தபால் நிலையத்தில் உள்ள பாஸ்போர்ட் மையத்திலேயே முடித்துவிடலாம். ரீ-இஷ்யூவில் பாஸ்போர்ட் எண் மாறும். கான்ட்ராக்ட்டில் பழைய எண் ஏறிய பிறகு இதைச் செய்தால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டிவரும், அதனால் வேலை தேடும் முன்பே செய்யச் சொல்கிறோம்.

எழுத்து வித்தியாசம் வேறு கதை. ஒன்றில் "லட்சுமி", ஒன்றில் "லக்ஷ்மி". ஒன்றில் "கணேசன்", ஒன்றில் கூடுதலாக ஓர் எச். தமிழில் இரண்டும் ஒன்று, விசா அதிகாரி பார்க்கும் ஆங்கில எழுத்தில் இரண்டு பேர். ஒரே எழுத்துப் பிழை என்றால் அஃபிடவிட்டை முயலலாம். பெயரே வேறு மாதிரி ஒலித்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதே பாதுகாப்பு. அரசிதழ் வந்தாலும் பழைய டிகிரியில் பெயர் தானாக மாறாது. அரசிதழ் பக்கத்தை டிகிரியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக வைக்க வேண்டும்.

கல்யாணமான பெண்கள் கணவர் பெயரை சர்நேமாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் போதும், அப்பா பெயரே இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். மண்டப ரசீதும் பத்திரிகையும் எந்தத் தூதரகத்திலும் செல்லாது. இன்னும் பதியாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.

பிறந்த ஊர்

இது நம் பக்கத்துக்கே உரிய குழப்பம். 1989இல் பழைய வட ஆர்க்காடு பிரிந்து வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று இரண்டானது. 1990களின் பிற்பாதியில் முதலாவது வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. 1994இல் வாலாஜாவில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றில் வட ஆர்க்காடு அம்பேத்கர், பள்ளிச் சான்றில் வேலூர், ஆதார் முகவரியில் ராணிப்பேட்டை. மூன்றும் சரி. பயப்பட ஒன்றுமில்லை. விசா படிவங்கள் பெரும்பாலும் கேட்பது பிறந்த நகரமும் நாடும்தான், மாவட்டம் அல்ல. பாஸ்போர்ட்டில் எந்த ஊர் அச்சாகியிருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் வாலாஜாபேட்டை என்று இருக்க, "அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது" என்று வேலூர் என எழுதுவதுதான் தப்பு.

இன்னொன்று. ஆரணி, குடியாத்தம், சோளிங்கர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் பிரசவத்துக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருவது பழைய வழக்கம். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஆகவே பிறப்புச் சான்று வேலூரில் இருக்கும், பள்ளியில் அப்பா சொன்ன சொந்த ஊரே பாஸ்போர்ட் வரை வந்திருக்கும். ஜெர்மனியில் கல்யாணம் பதியவோ குழந்தை பிறப்பைப் பதியவோ போகும் நாளில் இந்த முரண்பாடு எழும்பும். பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்யும்போதே பிறந்த ஊரையும் பிறப்புச் சான்றுப்படி திருத்திக்கொண்டால் ஒரே அலைச்சலில் முடியும். சான்றில் குழந்தையின் பெயர் இல்லாமல் வெறும் "ஆண் குழந்தை" என்று இருந்தால் முதலில் பெயரைச் சேர்க்க வேண்டும்.

டிகிரி

புரொவிஷனல் சான்றிதழ் டிகிரி ஆகாது. கான்வொகேஷனுக்குப் போகாமல் டிகிரியைக் கல்லூரியிலேயே விட்டு வந்தவர்கள் நிறைய. போய் வாங்கி வாருங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது முழு மார்க் விவரம், கிண்டியிலிருந்து வர வேண்டும். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்றால் சேர்க்காடு. கனடாவுக்கு டபிள்யூ.இ.எஸ். மாதிரி மதிப்பீட்டு நிறுவனங்கள் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பிய மார்க் விவரத்தைத்தான் ஏற்கும். நீங்கள் கூரியரில் அனுப்பியது கிடப்பில் போய்விடும். இந்தப் படிக்கு வாரக்கணக்கு அல்ல, மாதக்கணக்கு வையுங்கள்.

மெக்கானிக்கலோ இ.இ.இ.யோ படித்துவிட்டு ஐ.டி.யில் இருப்பவர்கள் இங்கே பாதிப் பேர். அவர்களுக்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. ஆஸ்திரேலியாவில் ஐ.டி. தகுதியைப் பார்க்கும் ஏ.சி.எஸ். அமைப்பின் மதிப்பீடு, டிகிரி கம்ப்யூட்டர் சம்பந்தப்படவில்லை என்றால் அனுபவ ஆண்டுகளில் அதிகம் கழித்துவிடும். ஜெர்மனியில் 2023 நவம்பரிலிருந்து, கடைசி 7 வருடத்தில் 3 வருட ஐ.டி. அனுபவம் இருந்தால் டிகிரியே இல்லாமலும் புளூ கார்டு என்ற வேலை அனுமதி உண்டு. இந்த வழிக்கு உயிர்நாடி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்தான். நம் பெரிய சர்வீஸ் கம்பெனிகள் கொடுக்கும் கடிதத்தில் பதவியும் தேதியும் மட்டும் இருக்கும், என்ன வேலை செய்தீர்கள் என்பது இருக்காது. எச்.ஆர். மறுத்தால் மேனேஜரிடமாவது உங்கள் பொறுப்புகள், பயன்படுத்திய மொழிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று விவரமாக, கையெழுத்தும் தொடர்பு விவரமும் வைத்து வாங்குங்கள். ராஜினாமா கொடுப்பதற்கு முன் கேட்டால் கிடைக்கும், பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

எந்த நாடு

ரூபாயில் பெருக்கிப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: வேலை போனால் எத்தனை நாள் இருக்கலாம், மனைவியோ கணவரோ வேலை செய்யலாமா, நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு எத்தனை வருடம்?

எங்கள் கணிப்பில் மூன்று முதல் ஏழு வருட அனுபவமுள்ள டெவலப்பருக்கு இன்றைக்கு வசதியான கதவு ஜெர்மனி. ஐ.டி. வேலைக்கான புளூ கார்டு சம்பள வரம்பு 2026க்கு ஆண்டுக்கு சுமார் 45,934 யூரோ. ஒவ்வொரு ஜனவரியும் ஏறும். மனைவிக்கு விசாவுக்கு ஜெர்மன் தேவையில்லை, வந்த நாளிலிருந்து வேலை செய்யலாம். நிரந்தர அனுமதி 27 மாதத்தில், பி1 என்ற இடைநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில். ஆபீஸில் ஆங்கிலம் ஓடினாலும் டாக்டர், வீட்டுக்காரர், அரசு அலுவலகம் எல்லாம் ஜெர்மன்தான். ஏ1 என்ற தொடக்க நிலை அளவுக்காவது இங்கிருந்தே படித்துவிட்டுப் போங்கள். ஆண்டுக்கு 60,000 யூரோ என்றால் திருமணமாகாதவர் கையில் மாதம் சுமார் 3,100 முதல் 3,200 யூரோ வரும். மீதி வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு. மியூனிக் வாடகை அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். அதே சம்பளத்தில் லைப்சிக்கில் நிம்மதியாக இருக்கலாம்.

நெதர்லாந்தில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் பட்டியலில் உள்ள கம்பெனி என்றால் அனுமதி சில வாரத்தில் வந்துவிடும். 2025இல் சம்பள வரம்பு 30 வயதுக்கு மேல் மாதம் 5,688 யூரோ, 30க்குக் கீழே 4,171. 29 வயதுக்காரர் பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து எடுக்கப்படுபவருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதிக்கு வரிவிலக்கு உண்டு. 30 சதவீதமாக இருந்தது 2027இலிருந்து 27 ஆகிறது.

பிரிட்டனில் 2025 ஜூலையிலிருந்து ஆண்டுச் சம்பளப் பொது வரம்பு 41,700 பவுண்ட். உங்கள் வேலைக்கான தனி விகிதம் அதைவிட அதிகமென்றால் அந்தத் தொகை. பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட் மருத்துவக் கட்டணத்தை மொத்த விசாக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூவர் குடும்பத்துக்கு ஐந்து வருடம் என்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அதைக் கம்பெனி தருமா என்று ஆஃபரிலேயே கேளுங்கள்.

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இலிருந்து 5,600 சிங்கப்பூர் டாலர். வயது கூடக் கூட வரம்பும் கூடும், காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கில் 40 எடுக்க வேண்டும். தமிழ்ச் சாப்பாடு, நாலு மணி நேர விமானம் என்று மனதுக்கு நெருக்கம். ஆனால் டிபென்டன்ட் பாஸில் வரும் மனைவியோ கணவரோ வேலை செய்யத் தனி பாஸ் வேண்டும். இருவரும் டெவலப்பர் என்றால் இது பெரிய விஷயம்.

அமெரிக்காவுக்கு இங்கிருந்து நேராகப் போவது இப்போது கடினம். எச்-1பி என்ற வேலை விசா ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவருக்கு மேலும் 20,000, அதற்கும் குலுக்கல். 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் என்று வைத்தது. கம்பெனிக்கு இந்தியக் கிளை இருந்து ஒரு வருடம் அங்கே வேலை செய்திருந்தால் எல்-1 என்ற கம்பெனிக்குள் இடமாற்ற விசா வழியாக மாற்றிக்கொள்வது நடைமுறையான பாதை. சென்னையிலும் பெங்களூரிலும் அப்படிப்பட்ட கிளைகள் ஏராளம். காட்பாடியிலிருந்து இரண்டுக்கும் ரயில் இருப்பது நமக்கு வாய்ப்பு. கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு மிக நீளம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஃப்ரெஷர்கள் கேட்பதுண்டு, நேராகப் போகலாமா என்று. அனுபவம் இல்லாதவருக்கு விசா ஸ்பான்சர் செய்ய கம்பெனிக்குக் காரணம் இருக்காது. இங்கே மூன்று வருடம் வேலை பார்ப்பது ஒரு வழி. ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் இன்னொன்று: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ட்யூஷன் ஃபீஸ் இல்லை, ஆனால் உங்கள் படிப்புக் காகிதங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும், வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கிய பிளாக்ட் அக்கவுன்ட்டும் வேண்டும். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். வேலையே இல்லாமல் போய்த் தேடும் வாய்ப்பு அட்டையை, ஜெர்மன் பேச வராதவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சேமிப்புக் கரையும் வேகம் இன்டர்வியூ வரும் வேகத்தைவிட அதிகம்.

தேடலும் இன்டர்வியூவும்

ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண், "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். "டீமில் பங்கேற்றேன்" என்று எழுதுவது நம்மவர்களின் பொதுப் பலவீனம். நீங்கள் என்ன கட்டினீர்கள், எத்தனை ரிக்வெஸ்ட் தாங்கியது, எவ்வளவு நேரம் குறைந்தது என்று எண்ணோடு எழுதுங்கள். சப்போர்ட் ப்ராஜெக்ட்டில் இருந்தவரும் இரவில் விழுந்த சர்வரை எப்படி எழுப்பினார், காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எழுதினால் அது மதிப்புள்ள அனுபவம்.

கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில் ஊகம் தேவையில்லை. பிரிட்டனும் நெதர்லாந்தும் ஸ்பான்சர் பட்டியலைப் பொதுவில் வெளியிடுகின்றன. பட்டியலில் இருப்பது சட்டப் பெயர், விளம்பரத்தில் இருப்பது வியாபாரப் பெயர்; இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாரத்துக்கு நூறு இடத்தில் ஒரே ரெஸ்யூமேயைத் தட்டிவிடுவதைவிட, பத்து இடத்துக்கு அந்தந்த வேலைக்கு ஏற்றபடி திருத்தி அனுப்புவதில் பலன் அதிகம்.

இன்டர்வியூ பொதுவாக நாலு கட்டம்: ரெக்ரூட்டர் பேச்சு, கோடிங், சிஸ்டம் டிசைன், டீமோடு உரையாடல். கோடிங்கில் தேறி கடைசிக் கட்டத்தில் விழுபவர்கள் அதிகம். அங்கே "மேனேஜர் சொன்னார், செய்தேன்" என்ற பதில் எடுபடாது. மேனேஜர் சொன்னதை மறுத்த ஒரு சந்தர்ப்பத்தைக் கேட்பார்கள், தயாராக வையுங்கள். பெர்லினில் மதியம் 2 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். மாறிய அடுத்த வாரம் ஒரு மணி நேரம் தவறி வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கரன்ட் போனாலும் நிற்காதபடி இன்வெர்ட்டர் லைனில் ரூட்டரை மாட்டி, மொபைல் ஹாட்ஸ்பாட்டையும் தயாராக வையுங்கள்.

ஆஃபர் வந்ததும் சம்பளத்தைத் தவிரப் பார்க்க வேண்டியவை: விசா, விமானம், முதல் மாத வீடு யார் செலவு, இத்தனை மாதத்துக்குள் விலகினால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் ஷரத்து உண்டா, புரொபேஷன் எவ்வளவு, ஜெர்மனியில் வழக்கமாக 6 மாதம், லீவ் எத்தனை நாள். இங்கே 90 நாள் நோட்டீஸ் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம், விசாவுக்கே அவ்வளவு ஆகும். விசா கைக்கு வரும் முன் ராஜினாமா செய்யலாமா என்பது கேள்வி. கான்ட்ராக்ட் கையெழுத்தாகி, டிகிரி மதிப்பீட்டில் சிக்கல் இல்லை என்றால் செய்யலாம். மதிப்பீடு நிலுவையில் இருந்தால் கூடாது.

விசா

ஜெர்மனிக்கு முதல் வேலை அனாபின் என்ற தகவல் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் "எச் பிளஸ்", அதாவது அங்கீகரிக்கப்பட்டது, என்று இருக்கிறதா, உங்கள் டிகிரி இணையானதாகப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது. டிகிரியில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதைத் தேடுங்கள், இணைப்புக் கல்லூரியின் பெயரை அல்ல. இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். பட்டியலில் இல்லையென்றால் சுமார் 200 யூரோ கட்டி ஒப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். இதனால்தான் ஆஃபருக்கு முன்பே செய்யச் சொல்கிறோம். விசாக் கட்டணம் 75 யூரோ. கம்பெனி 411 யூரோ கட்டி அவசர நடைமுறையில் போட்டால் தேதி சீக்கிரம் கிடைக்கும். கம்பெனியிடம் கேளுங்கள், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நிராகரிப்பில் அடிக்கடி வரும் காரணங்கள்: கான்ட்ராக்ட் சம்பளம் அந்த ஆண்டின் வரம்பைவிடச் சில யூரோ குறைவு, கம்பெனி நிரப்பும் வேலை விவரப் படிவமும் கான்ட்ராக்ட்டும் முரண்படுவது, சேரும் நாள் வரைக்கும் மருத்துவக் காப்பீடு இல்லாதது.

ஆதார் வேலூரில், வேலை பெங்களூரில் என்று இருப்பவர்கள் எந்த ஊர் மையத்தில் விண்ணப்பிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தூதரக எல்லை வசிப்பிடத்தை வைத்தது. பெங்களூர் என்றால் வாடகை ஒப்பந்தம் மாதிரி ஆதாரம் காட்ட வேண்டும். சென்னை மையத்துக்குப் போகிறவர்கள் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தாலும் காலை 9 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் எடுக்காதீர்கள், 11க்கு மேல் எடுங்கள். அரக்கோணம் தாண்டி ரயில் நின்றால் அப்பாயின்ட்மென்ட் போய்விடும்.

பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்கு டி.பி. பரிசோதனை கட்டாயம். அவர்கள் பட்டியலில் உள்ள மையத்தில் எடுத்தால்தான் செல்லும். ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று அங்கே எடுத்த எக்ஸ்ரே செல்லாது. போலீஸ் கிளியரன்ஸ் கேட்கும் நாடுகளுக்கு பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாயில் கிடைக்கும்.

ஏஜென்ட் விஷயம்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தில் வளைகுடாவுக்குப் போகும் பழக்கம் தலைமுறை கண்டது. அதனால் "விசாவுக்கு இவ்வளவு" என்ற பேச்சு காதுக்குப் பழகியது. டெவலப்பர் வேலைக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. ஸ்பான்சர் செய்யும் கம்பெனி உங்களிடம் பணம் கேட்காது. ஏஜென்ட் வழியாகத்தான் போவேன் என்றால் 1983 குடிப்பெயர்ச்சிச் சட்டப்படி லைசென்ஸ் பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் கிண்டியில் இருக்கிறது.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், டெக்னிக்கல் சப்போர்ட், ஒரு லட்சம் சம்பளம், டூரிஸ்ட் விசாவில் வாருங்கள் என்று வருவது ஆளைக் கடத்தும் வேலை. மியான்மர், கம்போடியா, லாவோஸ் எல்லைகளில் பூட்டி வைத்து ஆன்லைன் மோசடி செய்யச் சொல்கிறார்கள். 2022இலிருந்து வெளியுறவு அமைச்சகம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களையே குறிவைக்கிறார்கள். வேலை விசா கையில் இல்லாமல் வேலைக்கு விமானம் ஏறாதீர்கள்.

கிளம்பும் முன்

நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வேலைக்குப் போகிறவர் அந்த ஆண்டுக்கு என்.ஆர்.ஐ. ஏப்ரல் 1இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28க்குள் கிளம்ப வேண்டும். அக்டோபரில் கிளம்பினால் அந்த மார்ச் வரையிலான வெளிநாட்டுச் சம்பளத்தையும் இங்கே ரிட்டர்னில் காட்டி, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கோர வேண்டும். சேரும் தேதியை ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்த முடியுமென்றால் இதைப் பாருங்கள்.

சேவிங்ஸ் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. நிலமோ வீடோ இருந்தால் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பவர் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். "பொதுப் பவர்" என்று எல்லாவற்றையும் கொடுக்காமல், வாடகை வசூல், வரி கட்டுதல் என்று வேலையைக் குறிப்பிட்டுக் கொடுப்பது குடும்ப அமைதிக்கும் நல்லது.

மறக்கப்படுவது சிம் கார்டு. பேங்க், ஆதார், பி.எஃப். எல்லா ஓ.டி.பி.யும் அதில்தான். 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நம்பர் பறிபோகலாம். ரோமிங் செயல்படும்படி வைத்து ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ.வில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் ஒரு வருடத்துக்கு வாங்கலாம், ஆனால் ஜெர்மனியில் குடியேறிய ஆறு மாதத்துக்குப் பிறகு இந்திய லைசென்ஸில் ஓட்ட முடியாது.

முதல் சம்பளம் வரும்வரை கையில் 5,000 முதல் 6,000 யூரோ இருக்கட்டும். வீட்டு அட்வான்ஸே மூன்று மாத வாடகை வரை போகும். பெட்டியில் நெய், பால் ஸ்வீட், கறி வகைகள் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் பால், இறைச்சிப் பொருட்களைத் தடுக்கிறது, கறிவேப்பிலைக்கும் தடை உண்டு. பொடி வகைகள், ஊறுகாய் போகும். ஆஸ்திரேலியாவுக்கு எந்த உணவைக் கொண்டுபோனாலும் இறங்கும்போது தரும் பயணி கார்டில் எழுதிவிடுங்கள். எழுதி எடுத்துப்போனால் அதிகபட்சம் பொருள் பறிபோகும், எழுதாமல் போனால் அபராதம். வேலூர் வெயிலில் நின்றுகொண்டு ஜெர்மன் குளிருக்குக் கோட் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். ஷூவும் அப்படியே, ஆம்பூரில் தைத்ததாகவே இருந்தாலும்.

முதல் வாரங்கள்

ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். இது இல்லாமல் வரி எண் இல்லை, வரி எண் இல்லாமல் முதல் சம்பளம் ஆறாவது வரி வகுப்பில் பெரிதாக வெட்டப்பட்டு வரும். பிறகு திரும்பக் கிடைக்கும் என்றாலும் அட்வான்ஸ் கட்ட வேண்டிய மாதத்தில் அது வலிக்கும். பதிவுக்கு, இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். குறுகிய கால வாடகை வீடுகளில் பலர் அதைத் தர மறுப்பார்கள், முன்பணம் அனுப்பும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று வரும் வீட்டு விளம்பரம் ஒவ்வொன்றும் மோசடி.

வேலை போனாலும் மாறினாலும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் கம்பெனி மாறினால் இது முக்கியம். வேலை போனால் அடுத்ததைத் தேட மூன்று மாதம், இரண்டு வருடத்துக்கு மேல் புளூ கார்டில் இருந்தவருக்கு ஆறு மாதம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கணக்கு 60 நாள்தான்.

கடைசியாக லெட்டர் பாக்ஸ். வரி எண், பேங்க் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். தபால்காரர் ஃபிளாட் எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் சர்நேமைப் பார்க்கிறார். பெட்டியில் "கே. சுரேஷ்" என்று ஒட்டியிருந்து கடிதம் "கிருஷ்ணமூர்த்தி" பெயரில் வந்தால், முகவரிதாரர் இல்லை என்று முத்திரை குத்தித் திருப்பிவிடுவார். சாவி கையில் வந்த அன்றே பாஸ்போர்ட்டில் உள்ள சர்நேமைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், மனைவியின் சர்நேம் வேறென்றால் அதையும் கீழே.